போதுங்க

இரண்டாவது கரண்டி சோற்றை அள்ளித் தட்டில் போடப்போன நேரத்தில், "போதுங்க" என்றாள் மனைவி. லிஃப்ட் மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். மெக்கானிக் கரண்டியைப் பாத்திரத்திலேயே கவிழ்த்துவிட்டு நகர்ந்தார். மனைவி இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

நடுக்கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவருக்கும் அவளுக்குமாக மகள் பதிவு செய்த கப்பல் பயணம் இது. இப்போது அம்மாவின் இடத்தில் மகள் வந்திருந்தாள். கப்பலின் சாப்பாட்டுக்கூடத்தில் எந்நேரமும் ஏதாவது வெந்துகொண்டிருந்தது. யார் எதை எவ்வளவு எடுத்தாலும் கேட்பாரில்லை. சர்க்கரைக்காரரை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறோமே என்று மகளுக்கு முதலில் பயம்தான். வீட்டில் அவர் சரியான திருடர். ஸ்பேனர் பைக்குள் பிஸ்கட்டை ஒளித்து வைப்பார்; மனைவி மோப்பம் பிடித்துவிடுவாள். அவருடைய சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், தன் நெஞ்சுவலியை மட்டும் வாயு என்று சொல்லித் தள்ளிப்போட்டாள்.

அவள் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் கேட்காத பேச்சை அவர் இங்கே கேட்டார். அரைத்தட்டு காய், கால்தட்டு சோறு, மீதிக்கு மீனோ முட்டையோ என்பது அவள் போட்ட கணக்கு. ஆனால் கப்பலில் அந்தக் குரலின் கணக்கு வேறாக இருந்தது. முதலில் இனிப்பை விலக்கியது. பிறகு பழத்தை, பிறகு ரொட்டியை. இப்போது சோற்றுக்கு வந்திருந்தது.

"மாத்திரையைப் போட்டுட்டு இப்படிக் கொறிச்சா எப்படிப்பா? மயங்கி விழுந்தா நான் என்ன பண்றது?" என்றாள் மகள்.

"உங்கம்மா போதும்னு..." என்று ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மகள் அவரையே பார்த்தாள். பிறகு தன் தட்டைக் கிளற ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு நாலு வெள்ளரித்துண்டுகளோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுந்தார். மேல்தளத்தைச் சுற்றி நடந்தவர் லிஃப்டின் அருகே வந்ததும் பழக்கதோஷத்தில் நின்று காது கொடுத்தார். கதவு மூடும்போது லேசாக உரசியது. வலதுபக்கத் தடத்தில் தூசி அடைத்திருக்கும் என்று நினைத்த மாத்திரத்தில் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்தது. விரல்கள் தந்தியடித்தன. கம்பியைப் பிடிக்கப்போனார், கம்பி இரண்டாகத் தெரிந்தது. தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

யாரோ சொல்லி மகள் ஓடிவந்தாள். கையில் பழச்சாறு.

"குடிப்பா. சர்க்கரை இறங்கிடுச்சு. குடி."

"வேணாங்க" என்றாள் மனைவி, காதோரம்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "உங்கம்மா திட்டுவா."

"அம்மா இருந்தா அவங்களே வாயில ஊத்தியிருப்பாங்க."

மனைவியின் குரலில் அதட்டல் துளியும் இல்லை. அவ்வளவு கனிவாக அவள் பேசி அவர் கேட்டதே கிடையாது. "போதுங்க," என்றாள் மறுபடியும். "வந்துடுங்க."

அவருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. போக வேண்டும் போலவும் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மகளின் கை அவர் கையைவிட மோசமாக நடுங்கியது. சாறு தளும்பி அவர் கழுத்தில் வழிந்தது. அவர் வாயைத் திறந்தார்.

கப்பல் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டே கண்டித்தார். "சர்க்கரை ஏறினா மெதுவாத்தான் கெடுக்கும். இறங்கினா ஆளையே சாய்ச்சுடும். பட்டினி கிடக்கிறதுக்குப் பேர் பத்தியம் இல்லீங்க."

மதியம் காயும் மீனும் எடுத்துக்கொண்டு சோற்றுக்கு வந்தார். ஒரு கரண்டி போட்டார். இரண்டாவதை அள்ளி, நிறுத்தி, காத்திருந்தார். பாத்திரங்களின் சத்தம் மட்டும்தான் கேட்டது. கால்தட்டு நிரம்பும்வரை போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் சாப்பிட்டார். ஒன்றிலும் ருசி தெரியவில்லை.

"பேசறாங்களா?" என்று கேட்டாள் மகள், தலையை நிமிர்த்தாமல்.

"இல்ல."

மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலப்பா" என்றாள். "அம்மா போனதுலேர்ந்து ஒரு தடவைகூட."

அவர் தட்டை ஒதுக்கிவைத்தார். எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. குவியலாக ஐஸ்கிரீம், மேலே சர்க்கரைப்பாகு. அதை மேஜையின் நடுவில் வைத்தார். மகள் கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு புரிந்தவளைப் போல நாற்காலியைச் சத்தமில்லாமல் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

இருவரும் அதைத் தொடவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அந்தக் குரலுக்காகக் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியே கடலின் வெயில் வந்து கிண்ணத்தின் மேல் விழுந்தது. குவியல் மெல்லச் சரிந்தது. வெள்ளையாக ஒரு கோடு விளிம்பைத் தாண்டி, கண்ணாடியின் வெளிப்புறத்தில் வழிந்து இறங்கத் தொடங்கியது.