ஆமா தாத்தாவின் சாட்சி

விசாரணையில் நான் யார் மேலும் பழி சொல்லவில்லை என்று கேள்விப்பட்டவர்கள் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். பொறுமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அன்று நான் போனதே ஒருத்தியை மாட்டிவிடத்தான்.

முதியோர் இல்லத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. ஆமா தாத்தா என் பொறுப்பு. பக்கவாதம் வந்தபின் அவர் வாயில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பசிக்குதா என்றாலும் ஆமா, பசிக்கலையா என்றாலும் ஆமா. ஒருநாள் மதியம் அவர் கட்டிலிலிருந்து விழுந்து கை முறிந்தது. கட்டிலின் பக்கக் கம்பி இறக்கியபடியே இருந்ததாம். நான் அவருக்கு ஊட்டி, வாயைத் துடைத்து, கம்பியை ஏற்றிப் பூட்டிவிட்டுத்தான் போனேன். எனக்குப் பிறகு விரிப்பு மாற்ற அந்த அறைக்குள் போனது என்னோடு வேலை பார்க்கும் அக்கா.

கூடப் பிறக்கவில்லையே தவிர, அக்காதான். சபையின் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். என் வீட்டுக்காரர் இறந்தபோது, நான் எழுந்து நடமாடும்வரை எனக்குச் சமைத்துப் போட்டவள். அவள்தான் மேட்ரனிடம், "இவ கம்பிய ஏத்தாம போயிடுவா மேடம், நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன்" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

மேட்ரன் தாத்தாவிடம் குனிந்து, "இந்தப் பொண்ணுதானே கம்பிய ஏத்தாம போனது?" என்று கேட்டார். வேறென்ன சொல்வார் அவர்? மேட்ரனுக்கும் அது தெரியும். ஆனால் வெளியூரில் இருக்கும் தாத்தாவின் மகள் வழக்குப் போடுவேன் என்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். மகள் வந்து விசாரிக்கும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

வீட்டில் இருந்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன்; அந்த பெஞ்சில் நான் மட்டும்தான். எல்லோருக்கும் முன் பெஞ்சில் திடீரென்று இடம் கிடைத்துவிட்டது. பாடகர் குழுவில் அக்கா கண்ணை மூடிப் பாடினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேதத்தில் யோசேப்பை எடுத்துப் படித்தேன். எஜமானி சொன்ன பொய்யால் சிறைக்குப் போனவன். தான் குற்றமற்றவன் என்று அங்கே அவனும் சொல்கிறான். ஆனால் அந்த மகராசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை. "உமக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேணும்னா நான் அதுக்கு லாயக்கில்ல" என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். அவரும் முன் பெஞ்சுக்குப் போய்விட்டார் போல என்று அழுதேன்.

விசாரணை தாத்தாவின் அறையிலேயே நடந்தது. கட்டில் ஓரத்தில் மகள், பக்கத்தில் மேட்ரன், கதவோரம் அக்கா. "எங்கப்பாவே சொல்லிட்டாரு. முடிஞ்சா அவர் முகத்தப் பாத்து இல்லன்னு சொல்லுங்க" என்றாள் மகள்.

நான் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. அக்காதானே கம்பிய இறக்கி வச்சது, தாத்தா? பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் ஆமா என்பார், என் வேலை எனக்குத் திரும்பிவிடும். குனிந்தேன். என்னைக் கண்டதும் ஊட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து ஏற்கெனவே ஒரு பொய்ச்சாட்சியைப் பிடுங்கியிருக்கிறார்கள். அக்கா கம்பியை இறக்கியதை நான் கண்ணால் பார்த்தேனா? இல்லையே.

நிமிர்ந்தேன். "நான் கம்பிய ஏத்திட்டுத்தான் போனேம்மா. அதுக்கு ஆண்டவர்தான் சாட்சி. இவர இழுக்காதீங்க. எத கேட்டாலும் இவரு ஆமான்னுதான் சொல்லுவாரு."

"பொய். நான் தினமும் போன்ல பேசுறேன். நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேட்டா எல்லாத்துக்கும் கரெக்டா ஆமான்னு பதில் சொல்றாரு." மகள் தாத்தாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, நேத்து நான் இங்க வந்தேனா?"

"ஆமா."

"போன மாசம்?"

"ஆமா" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். இங்கே கொண்டுவந்து விட்டபின் அவள் வருவதே அன்றுதான் முதல் தடவை.

மேட்ரன் ஜன்னலைப் பார்த்தார். மகள் கட்டிலில் உட்கார்ந்து, முறியாத கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "என் மேல கோபமாப்பா?"

"ஆமா."

இது எந்த ஆமா என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வேலை திரும்பக் கிடைக்குமா என்று அந்த நேரத்தில் யாரிடம் கேட்பது? வெளியே வந்தேன். அக்கா தலை நிமிரவில்லை. தாழ்வாரத்தில் தனியாக நடந்தபடி, "ஆண்டவரே, நீர் பார்த்தீர், அது போதும்" என்று சொல்லிப் பார்த்தேன். போதவில்லை. ஆனாலும் இன்னொரு முறை சொன்னேன்.