தாளாளர் படத்தில் ஒரு சின்ன டச்சிங்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு என்று ஒன்று கால அட்டவணையில் இருந்தது. அட்டவணையில் மட்டும்தான் இருந்தது. மணியடித்ததும் கணக்கு வாத்தியார் உள்ளே வந்துவிடுவார். டிராயிங் மாஸ்டரும் பெரிதாக வருத்தப்பட்டுக்கொள்வதில்லை. அவருக்குப் பலகையில் "வருக வருக" எழுதும் வேலையே தலைக்கு மேல் இருந்தது. பெரிய மனிதர் யார் வந்தாலும் எழுத வேண்டும். ஒருமுறை கழிவறையைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரிக்கும் பூ வேலைப்பாட்டோடு எழுதி வைத்தார். அதிகாரி வெட்கப்பட்டுப் போனார்.

மாஸ்டர் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் செய்துகொண்டிருந்தவர். மாப்பிள்ளைக்குப் பருவை அழிப்பார், மாமனாருக்கு முடி வளர்ப்பார், மணப்பெண்ணுக்கு இரண்டு சுற்று உடம்பு குறைப்பார். உள்ளதை உள்ளபடி ஒரு கோடு இழுத்ததாக அவர் கைக்கே ஞாபகம் இல்லை.

அப்படிப்பட்டவர் கண்ணில்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பட்டாள். கூடப் படித்த பிள்ளைகள் அவளுக்கு முறைச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிரே யார் இருந்தாலும் கண்கொட்டாமல் பார்ப்பாள். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் தாளில் இறக்கி வைப்பாள். விசில் ஊதுகிற பி.டி. மாஸ்டரை அவள் வரைந்த படம் ஆசிரியர் அறையில் கைமாறிக் கைமாறி வந்தபோது, அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நான் தொப்பையை உள்ள இழுத்துப் பிடிச்சிருக்கேன்னு இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? என் பொண்டாட்டிக்கே தெரியாதே!"

"அவங்களுக்குத் தெரியும் சார். போனா போகுதுன்னு சொல்லாம இருக்காங்க," என்றார் டிராயிங் மாஸ்டர்.

அறையே சிரித்தது. ஆனால் மாஸ்டர் அந்தப் படத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்து, சாமான் அறைக்குக் கொண்டுபோய், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தான் வாழ்நாளெல்லாம் அழித்துக்கொண்டிருந்தது எது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அன்று முதல் அவளுக்கு அவர் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நல்ல தாளாகப் பார்த்துக் கொடுத்தார். வெளிச்சம் விழும் இடத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டார். அவள் வரையும்போது யாராவது பேசினால் "ஸ்ஸ்!" என்றார். வீட்டில் மனைவியிடம் வேறு பேச்சே இல்லை.

"இன்னைக்கு ஒரு காது வரைஞ்சா பாரு... அடடா! காதுன்னா அது காது."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் காதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா நீங்க?" என்றாள் மனைவி.

நகரத்து ஓவியக் கல்லூரியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கென்று வருஷத்துக்கு ஓர் இடம் உண்டு. தாளாளர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கு. பெரும்பாலும் தாளாளரின் சொந்தத்தில் வேறு எதிலும் தேறாத பிள்ளை யாரோ அவருக்கு. இந்த வருஷம் அதை முறைச்சிக்கு வாங்கித் தந்தே தீருவது என்று மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்றார். தலைமையாசிரியை யோசித்து ஒரு வழி சொன்னார்.

"ஆண்டு விழாவுல தாளாளர் ஐயா படத்தைத் திறக்கப்போறோம். அதை அந்தப் பொண்ணே வரையட்டும். அவர் மனசு குளிர்ந்தா எல்லாம் தானா நடக்கும்."

"படத்தை யார் மேடம் திறந்து வைக்கறது?"

"அவரேதான். அவரைவிடப் பெரியவங்க யார் இருக்காங்க?"

சில மதியங்கள் முறைச்சி தாளாளர் அறையில் உட்கார்ந்து வரைந்தாள். அவர் முகவாயை உயர்த்திக்கொண்டு, தான் வெறுங்கையோடு வாழ்க்கையைத் தொடங்கிய கதையைச் சொன்னார். அப்பா விட்டுப்போன நான்கு ஆலைகளை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

படம் முடிந்ததும் அவள் முதலில் மாஸ்டரிடம்தான் கொண்டுவந்தாள். அவர் துணியை விலக்கினார். இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை இழுத்து ஒட்டிய முடி, தொங்கும் கழுத்துச் சதை, எல்லாம் இருந்தன. ஆனால் பார்த்ததும் கண் போனது வலது கைக்குத்தான். கூட்டமான பேருந்தில் எழுந்தால் இடம் போய்விடும் என்று கம்பியைப் பிடித்திருப்பவர் மாதிரி, அந்தக் கை நாற்காலியை இறுக்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாகத் தாளாளர் மேல் பயம் தவிர வேறெதுவும் வராத மாஸ்டருக்கு, முதல்முறையாக அவர்மேல் இரக்கம் வந்தது.

"இந்தக் கையை எப்படிம்மா பார்த்தே?"

"டீயைக்கூட இடது கையாலதான் சார் எடுக்கறார். வலது கை நாற்காலியை விடவே மாட்டேங்குது. பாவம் சார் அவரு."

அவளை அனுப்பிவிட்டு மாஸ்டர் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ! மாஸ்டர், இது மேடையேறினா அவளும் காலேஜ் போகமாட்டா, நாமளும் நாளைக்கு வேலைக்கு வரமாட்டோம். நீங்க ஸ்டுடியோக்காரர்தானே? லேசா ஒரு டச்சிங் பண்ணுங்க."

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா ஒத்துக்குவாளா?"

ஒத்துக்கொள்ளமாட்டாள். அதனால்தான் அவர் கேட்கவில்லை. அவள் எதிர்காலத்துக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டபின் கதவைச் சாத்தினார். முடி அடர்ந்தது, கழுத்து இறுகியது, கண்ணில் ஒரு தீர்க்கதரிசனம் குடியேறியது. வலது கைக்கு வந்ததும் பிரஷ் நின்றது. பிறகு ஒவ்வொரு விரலாக அதை நாற்காலியிலிருந்து எடுத்து, ஒரு தடித்த புத்தகத்தின் மேல் வைத்தார். தாளாளரின் கை புத்தகத்தைத் தொட்டது அநேகமாக அன்றைக்குத்தான். வேலை அற்புதமாக வந்தது. பல வருஷம் கழித்துத் தன் கை குஷியாக இருப்பதை உணர்ந்தபோது மாஸ்டருக்கு அதை எங்காவது ஒளித்து வைக்கத் தோன்றியது.

ஆண்டு விழாவில் தாளாளர் தன் திரையைத் தானே விலக்கினார். பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் குழந்தை என்னை அப்படியே வரைஞ்சிருக்கு!" என்று மைக்கில் தழுதழுத்தார். கல்லூரி இடத்தை அங்கேயே அறிவித்தார். கைதட்டல் அடங்கவே இல்லை. முறைச்சி படத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் மாஸ்டரைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார், நிறுத்தத் தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவள் சண்டைக்கு வருவாள் என்று மாஸ்டர் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். அவள் சாதாரணமாகத்தான் வந்தாள்.

"நெத்தி அப்படி மின்னுதே, எதைக் கலந்தீங்க சார்?"

"அது... அது எதுக்கும்மா உனக்கு?"

"எனக்கும் சொல்லிக் குடுங்க சார்."

"வேண்டாம்மா. நீ வரைஞ்சதுதான் படம். நான் பண்ணது வெறும் பூச்சு."

"சீட்டு பூச்சுக்குத்தானே சார் குடுத்தாங்க?"

அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு அது தேவையாகவும் இல்லை. விழாப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டாள். அடுத்த மாதமே தலைமையாசிரியை அவள் தாளில் தாய்மையோடு புன்னகைத்தார். பி.டி. மாஸ்டருக்கு வயிறு தட்டையாகி மார்பு விரிந்தது. அவர் அதைச் சட்டம் போட்டுத் தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டினார். தாளாளரின் மைத்துனர்கள் வரிசையில் நின்றார்கள். முறைச்சி என்று இப்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. எவ்வளவு மரியாதையான பொண்ணு என்றார்கள்.

கல்லூரிக்குக் கிளம்பும் நாளில் அவள் மாஸ்டரிடம் விடைபெற வந்தாள். கையில் ஒரு படம். அவருடைய படம்.

நிமிர்ந்த தோள், கம்பீரமான நெற்றி, எல்லாம் அறிந்தவரின் அமைதியான பார்வை. யாரோ மகான். மாஸ்டர் அந்த முகத்தில் தன்னைத் தேடினார். முன்பல்லுக்கு நடுவே உள்ள சந்து, ஒரு பக்கம் சாய்ந்த தோள், கண்ணுக்குக் கீழே அத்தனை வருஷப் பயம், ஏதாவது ஒன்று இருக்காதா என்று அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஒன்றும் இல்லை. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பி.டி. மாஸ்டர், "ஆஹா! உங்கமேல எவ்வளவு மதிப்பு வச்சிருக்கா பாருங்க!" என்றுவிட்டு மைதானத்துக்குப் போனார்.

"பிடிச்சிருக்கா சார்?"

"நல்லா இருக்கும்மா." அவர் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? நான் இப்படி எதிர்ல உக்கார்றேன். இன்னொண்ணு வரைஞ்சு குடு. பென்சில் போதும். இருக்கறபடி வரை. எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் பரவாயில்ல."

"எதுக்கு சார்? இதுவே நல்லாத்தானே இருக்கு." அவள் அழகாகச் சிரித்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, அம்மா வாசல்ல நிக்கறாங்க. வர்றேன் சார்."

அவள் போனாள். மாஸ்டர் அதற்குள் ஸ்டூலை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலியான பெஞ்சுக்கு எதிரே, முகத்தைக் கொஞ்சமும் அசைக்காமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்.