கரைக்குக் கீழே காயும் துணிகள்

வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய சின்ன மண் அணை அது. அதன் அடிவாரத்தில் ஓரிடம் கோடையிலும் நசநசவென்று ஈரமாகவே கிடக்கும். ஆனால் சர்க்கார் கணக்கில் அணை எவ்வளவு சீக்கு என்பது பேச்சே இல்லை. உடைந்தால் கீழே சாவதற்கு ஆள் இருக்கிறதா, அதுதான் பேச்சு. ஆள் இருந்தால் முதல் வகுப்பு, பழுது பார்ப்பார்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்பு, புல்லை வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல நியாயம்!

அணையைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினியரின் அக்கா வீடு கரைக்கு நேர் கீழே இருந்தது. அதனாலேயே தங்கச்சியான அந்த என்ஜினியர் ஆபீஸில் மல்லுக்கட்டி அணையை முதல் வகுப்பில் சேர்த்தாள். வேலை நடக்கும் என்று நம்பினாள். வந்தது எச்சரிக்கைப் பலகைதான். அதைப் படித்ததும் அந்த வரிசையில் இருந்த வாடகைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். மிஞ்சியது அக்காவும், வீட்டோடு வெல்டிங் பட்டறை வைத்திருந்த அத்தானும். அவர்கள் வீட்டை இப்போது சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

"ஒரு வீடு பத்தாதுக்கா. நாலஞ்சு வீட்லயாவது ஆள் இருந்தாத்தான் கரையைத் தொடுவாங்க. வகுப்பை மாத்தணுமான்னு அடுத்த வாரம் பெரிய என்ஜினியர் நேர்ல பாக்க வர்றாரு," என்று போனில் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நானும் உங்க அத்தானும் சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கொரு வீட்ல இருந்தா ரெண்டாச்சே," என்றாள் அக்கா. அக்காவுக்கு எதற்கெடுத்தாலும் கிண்டல்தான்.

பெரிய என்ஜினியரைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது ஐந்து வீட்டு வாசலிலும் கொடியில் துணி காய்ந்தது. அவளுக்குப் பகீரென்றது. முதல் வீட்டில் தீப்பொறி பட்டுப் பொத்தலான அத்தானின் சட்டை. அடுத்த வீட்டில் அதே மாதிரிப் பொத்தல் சட்டை இன்னொன்று. மூன்றாவதில் அவளே அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த பூப்போட்ட நைட்டி.

"காலின்னு சொன்னாங்களே. இங்கல்லாம் ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

அவர் பொல்லாதவர் இல்லை. மூன்றாவது வீட்டுக் கதவை மெல்லத் தள்ளினார். உள்ளே ஒட்டடை, கால் போன பிளாஸ்டிக் நாற்காலி, அறுத்துவிட்ட கரண்டு ஒயர். கதவைச் சாத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்களாம்மா?"

"கூடப் பிறந்தவ சார்."

"வேற எங்கயாவது போகச் சொல்லும்மா. என்னால மூணாம் வகுப்புன்னுதான் எழுத முடியும்."

அவருடைய ஜீப் திரும்பியதும் அக்கா ஓடி வந்தாள். "அஞ்சு வீட்டையும் பாத்தாரா? இருக்கற துணியெல்லாம் துவைச்சுப் போட்டோம்டி. உங்க அத்தானுக்கு இடுப்பே போச்சு."

"பாத்தாருக்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது, அக்கா திட்டவில்லை. அணைப் பக்கம் வானம் கறுத்து, தூறல் விழுந்தது.

"சரி, அழாத. துணிய எடுக்கலாம் வா. அந்தக் கடைசி வீட்டுத் துணிய நீ எடு."

இருவரும் வீடு வீடாகத் துணியை உருவத் தொடங்கினார்கள். பட்டறைக்குள்ளிருந்து அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏய், எடுக்காதீங்க! நனைஞ்சா நனையட்டும். ஆபீசர் திரும்பி வந்தாலும் வருவாரு!"

இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பவே இல்லை.