அருவிக்குள் ஆலோசனை சொன்ன நம்பிராஜன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது குற்றாலத்தில். சாரல் சீசன். பேரருவியில் ஆண்கள் பக்கம் முண்டியடித்து நின்றபோது, இடுப்பில் துண்டும் கழுத்தில் டையுமாக ஒருவர், இன்னொருவர் காதைப் பிடித்து இழுத்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். ஜேப்படிக்காரனைப் பிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வெளியே தலை துவட்டும்போது ஒருவர் சொன்னார்: "அது கோச்சிங் சார்."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் கற்பனை, நம்பிராஜன் என்ற பெயர் உட்பட.

2

நம்பிராஜன் ஒரு தோற்றுப்போன மனி—

(அடித்துவிட்டேன். அவர் தோற்கவில்லை. நாற்காலிகள்தான் காலியாகக் கிடந்தன.)

தென்காசியில் கல்யாண மண்டபம் பிடித்து, மூன்று நாள் வாழ்க்கைப் பயிற்சி வகுப்பு நடத்தியவர் அவர். ஒரு காலத்தில் கூட்டம் அம்மும். பிறகு வந்ததெல்லாம் மண்டபத்து வாட்ச்மேன் மட்டும்.

"இப்ப எவன் மூணு நாள் உக்காருதான்? முப்பது செகண்ட் வீடியோவையே பாதியில தள்ளுதான்" என்று மனைவி உமா மகேஸ்வரியிடம் புலம்பினார்.

யோசித்தார். இந்தக் காலத்து வாடிக்கையாளருக்குப் பாடம் வேண்டாம், அனுபவம் வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டும். ஆனால் கையில் போன் இருக்கக் கூடாது. போனைக் கரையில் வைத்துவிட்டு மனிதன் சும்மா நிற்கிற இடம் எது?

மறுநாளே டையைக் கட்டிக்கொண்டு அருவிக்குள் இறங்கிவிட்டார். கேள்வியை வெளியே கேட்க வேண்டும். பதில் தண்ணீருக்கு அடியில் மட்டும். 'சாரல் பேக்கேஜ்' என்று பெயர்.

"அந்த இரைச்சல்ல நீங்க சொல்லுதது யாருக்குங்க கேக்கும்?" என்றாள் உமா மகேஸ்வரி.

"கேக்காமலா மறுபடியும் வாறான்?"

உண்மையிலேயே வந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். வாழ்க்கையே மாறிவிட்டது என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். தான் இவ்வளவு நன்றாகப் பேசுவதாக நம்பிராஜனுக்கே அதுவரை தெரியாது.

3

இங்கே மணிமுத்து வருகிறார். ஆயுதப்படைக் காவலர். எதற்கெடுத்தாலும் அடுத்தவர் வாயைப் பார்க்கிற மனிதர். சட்டைத் துணி எடுக்கக்கூட அம்மாவுக்கு ஒரு போன், இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன். இது பொறுக்காமல்தான் மனைவி ஆனந்தவள்ளி இலஞ்சியில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நானே போய்க் கூப்பிடட்டுமா அண்ணாச்சி, அவளா வாறவரைக்கும் இருக்கட்டுமா?" என்று குளிக்கத் தேய்த்த எண்ணெய் வழியக் கேட்டார் மணிமுத்து.

நம்பிராஜன் அவரை அருவிக்குள் இழுத்துப்போய், காதில் அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"பொறு!"

மணிமுத்துவின் காதில் விழுந்தது: "போ!"

4

துண்டோடு பைக்கில் ஏறியவர் இலஞ்சியில்தான் நிறுத்தினார். சொட்டச் சொட்ட வாசலில் நின்ற புருஷனைப் பார்த்ததும் ஆனந்தவள்ளிக்குச் சிரிப்பு வந்தது; கண்ணும் கலங்கியது. உள்ளே போய்ப் பையைக்கூட எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவர் வாயைத் திறந்தார்.

"கோச் போகச் சொன்னாரு. வந்துட்டேன்."

பை கீழே விழுந்தது.

5

(ஆனந்தவள்ளியை ஒரு வரியோடு விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். அவள் ஆட்டோ பிடித்துக் குத்துக்கல்வலசையில் நம்பிராஜன் வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்கும் இது புதிது.)

மணிமுத்துவையும் வரச்சொல்லி, வாசலில் பைக்கோடு நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"அண்ணாச்சி, அவருக்கு நீங்க என்ன சொன்னீங்க? நீங்க சொல்லித்தான் வந்தாருன்னா, நான் இப்படியே இலஞ்சிக்குப் போயிருவேன். நாளைக்கு எவனாவது என்னைய விட்டுட்டு வான்னு சொன்னா விட்டுட்டுல்லா போவாரு?"

நம்பிராஜன் மனசுக்குள் கணக்குப் போட்டார். 'போ' என்றுதான் சொன்னேன் என்றால் பிழைப்பு நிலைக்கும், இந்தக் குடும்பம் கலையும். உண்மையைச் சொன்னால் அருவிக்குள் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கும்.

உமா மகேஸ்வரி காப்பியோடு வந்து நின்றாள். நம்பிராஜன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக யாரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"'பொறு'ன்னு சொன்னேம்மா. அவருக்குப் 'போ'ன்னு கேட்டிருக்கு."

ஆனந்தவள்ளி திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"அப்ப போகணும்னு அவரு மனசுலயே இருந்துதா? இல்ல, தண்ணிச் சத்தமா?"

"தெரியலம்மா."

"அங்கன நிக்கும்போது அழுதாரா?"

"அருவிக்குள்ள எல்லாரு முகமும் ஈரமாத்தானம்மா இருக்கும்."

6

வாசலில் ஆட்டோக்காரர் இன்ஜினைப் போட்டுவிட்டார். மணிமுத்து பைக்கில் ஏறாமல் பக்கத்தில் நிற்கிறார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, போனும் கையில் இல்லை. ஆனந்தவள்ளி படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு,

(பைக்கில் ஏறினாள் என்று எழுதினேன், நம்பிராஜன் அனுப்பிவைத்ததுபோல் இருந்தது. ஆட்டோவில் ஏறினாள் என்று எழுதினேன். நான் அனுப்பிவைத்ததுபோல் இருந்தது. இரண்டையும் அடித்துவிட்டேன். உங்களுக்கும் ஏதாவது சொல்லத் தோன்றும். தயவுசெய்து சத்தம் போடாதீர்கள். அவள் யோசிக்கிறாள்.)