ஒன்பதாம் பக்கம்

அந்த அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வெளியே போக வேண்டுமென்றால் அதன் கடைசிப் பக்கத்துக்கு 'எங்களுக்குத் தெரியாதவை' என்று தலைப்பு இருந்தாக வேண்டும். இது இயக்குநர் வைத்த சட்டம். அரசாங்கமும் நகராட்சியும் எதை எப்படிச் செய்தால் ஜனங்களுக்கு நல்லது என்று ஆராய்ந்து சொல்கிற, லாபம் பார்க்காத நிறுவனம் அது. நாலு விஷயம் தெரியும் என்று ஊருக்குச் சொல்கிறவன் தெரியாத நாலையும் கூடவே சொல்லிவிடுவதுதான் யோக்கியம் என்பது அவர் கட்சி. எதை எழுதினாலும் அடிக்குறிப்பு போடாமல் அவருக்குக் கை நிற்காது. ஒருமுறை லீவு கடிதத்தில் 'காய்ச்சல்' என்று எழுதி, அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே 'இன்னும் அளந்து பார்க்கவில்லை' என்று எழுதி அனுப்பினார். அன்றிலிருந்து அவருக்கு அடிக்குறிப்பு என்றே பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூர அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

மாணவர் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணை அலுவலகம் முழுக்க அக்கா என்றுதான் கூப்பிடும். பன்னிரண்டு வருடமாக அவளுக்கும் இந்தச் சட்டத்தோடு எந்தச் சண்டையும் கிடையாது. இந்த வருடம்தான் வந்தது.

வருடா வருடம் நீண்ட விடுமுறையில் பதினான்கு கல்லூரி மாணவர்களை எட்டு வாரப் பயிற்சிக்கு எடுப்பார்கள். சம்பளம் கிடையாது. அனுபவம் கிடைக்கும் என்பார்கள். சம்பளமில்லாத வேலை எவ்வளவு பெரிய அநியாயம் என்று நூற்று இருபது பக்கத்துக்கு அறிக்கை வெளியிட்ட நிறுவனம்தான் இது. அந்த அறிக்கைக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவர்கள் சம்பளமில்லாத மாணவர்கள். இதை யாராவது சுட்டிக்காட்டினால் எல்லோரும் ஒரு நிமிடம் தலையைக் குனிந்துகொள்வார்கள், பிறகு டீ வந்துவிடும்.

போன வருடம் கூத்து முற்றிவிட்டது. பதினான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், வந்தது மூன்றே பேர். மூன்று பேரும் அப்பாவின் காரில் வந்து இறங்கினார்கள். அவர்களைப் பேருந்துக் கட்டண ஆய்வில் போட்டார்கள். முதல் நாளே ஒரு பையன் பவ்யமாக வந்து, "அக்கா, பஸ்ல டிக்கெட் முன்னாடியே வாங்கணுமா, ஏறினப்புறம் வாங்கணுமா?" என்று கேட்டான். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறிக்கை எப்படி வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மற்ற பதினோரு பேரும் சம்பளம் இல்லை என்று தெரிந்ததும் கழன்றுகொண்டார்கள். 'தங்கள் நிலைமை எங்களுக்குப் புரிகிறது' என்று ஒரே மாதிரி பதினோரு கடிதம் அடித்து அனுப்பினார்கள். கீழே கையெழுத்துப் போட்டது அக்காதான். பெயரைக்கூடப் பார்க்காமல், டீ ஆறுவதற்குள் பதினொன்றையும் போட்டு முடித்தாள்.

இந்த வருட நுழைவுத் தேர்வுக்குக் கேள்வி வைத்தவர் அடிக்குறிப்பு. 'எங்கள் நிறுவனத்தில் ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாதவை என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதுக.' பாரபட்சம் வரக்கூடாது என்று விடையைத் தட்டச்சு செய்துதான் தரச் சொல்வார்கள்; விடைத்தாளில் பெயர் இருக்காது, மூலையில் எண் மட்டும்தான். எண்பது தாளையும் படித்த அக்காவுக்குப் பதினேழாம் எண்ணைப் படித்ததும் முகம் சூடாகிவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு தரம் படித்தாள். முதல் இடம் அதற்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தாளை மட்டும் மற்ற தாள்களோடு சேர்த்துக் கட்டாமல் மேசை மேலேயே வைத்துக்கொண்டாள்.

பெயர் பிரித்தபோது அது ஒரு பெண். ஆனால் அலுவலகத்தில் பதினேழு என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அக்கா போன் செய்தபோது பின்னால் ஏதோ கடைச் சத்தம் கேட்டது.

"சம்பளம் இருக்கா மேடம்?" என்றுதான் பதினேழு முதலில் கேட்டாள்.

"ஒரு அறக்கட்டளைகிட்ட கேக்கப் போறோம்மா. இன்னும் முடிவாகல."

"நான் செருப்புக் கடையில நிக்கிறேன் மேடம். லீவு முழுக்க நிப்பியா மாட்டியான்னு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்றாங்க. எனக்கு உங்ககிட்ட வரணும்னுதான் ஆசை. ஆனா அடுத்த வருஷ ஃபீஸ் நான்தான் கட்டணும்."

குரலில் அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. அதுதான் அக்காவை உலுக்கிவிட்டது. போனை வைத்ததும், இந்தப் பெண்ணுக்கு 'எங்களுக்குப் புரிகிறது' என்று ஒரு கடிதம் போவதாக இருந்தால் அதில் தன் கையெழுத்து இருக்காது என்று முடிவு செய்தாள். வேலையே போனாலும் சரிதான்.

அறக்கட்டளை, தலைமுறை தலைமுறையாகத் தராசு செய்கிற ஒரு குடும்பத்தினுடையது. விண்ணப்பம் தபாலில்தான் வர வேண்டும், மூன்று பிரதி வேண்டும் என்பார்கள். அக்கா மூன்று நாள் உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதினாள். அதைப் படித்தால் அப்படி ஒரு நிறுவனம் பூமியிலேயே கிடையாது என்று தோன்றும். கடைசிப் பக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டாள். காசு கேட்கிற இடத்தில் யாராவது தன் ஓட்டை உடைசலைத் தானே எடுத்துக் கடை பரப்புவார்களா? நல்ல வேளையாக அடிக்குறிப்பு ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். விண்ணப்பத்தைத் தபால் அண்ணனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

தபால் அண்ணன் இருபத்திரண்டு வருடமாக அந்த அலுவலகத்தின் கடைசி வாசல். அவர் கண்ணில் படாமல் ஒரு உறை வெளியே போனதில்லை. எட்டுப் பக்கத்தையும் புரட்டினார். கடைசிப் பக்கம் இல்லை. பாவம், வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாள் என்று அக்காவின் மேசைக்குப் போய்ப் பார்த்தார். அங்கே, அழகாகத் தட்டச்சு செய்து, 'எங்களுக்குத் தெரியாதவை' என்று தலைப்பிட்டு ஒரு தாள் தயாராக இருந்தது. மாணவர் பயிற்சியைப் பற்றித்தான். மூலையில் மட்டும் எண் பதினேழு என்று இருந்தது. எட்டுக்கு அப்புறம் பதினேழு எப்படி வரும்? நம் அக்காவுக்கு ரொம்பத்தான் களைப்பு என்று நினைத்து, அதை அடித்து, பேனாவால் ஒன்பது என்று திருத்தினார். மூன்று பிரதி எடுத்தார், பின் அடித்தார், ஒட்டினார். ஒரு காரியத்தைச் சரியாக முடித்த திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

அறக்கட்டளையில் வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். அடிக்குறிப்பு திரும்பி வந்திருந்தார், ஆனால் அக்கா அவரைக் கூட்டிப்போகவில்லை. இந்தத் திட்டத்தால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு என்று சொல்ல அவருக்கு அரை மணி நேரம் ஆகும், அதன் முடிவில் இல்லை என்று வந்தாலும் வரும்.

காலையில் அவள் கணவன்தான் அறக்கட்டளைத் தலைவராக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தான். அவன் பல் செட் செய்கிறவன். கையில் யாருக்கோ செய்த மேல்வரிசைப் பல்லைத் தேய்த்துக்கொண்டே, "உங்களுக்கு எதுக்கு நாங்க குடுக்கணும்?" என்று மிரட்டினான்.

"ஏன்னா எங்க நிறுவனம்..."

"மூஞ்சியக் கடுகடுன்னு வச்சுக்காத. கொஞ்சம் சிரி."

"பல்லக் காட்டச் சொல்றீங்களா?"

"என் தொழிலுக்கு வேற என்ன சொல்ல முடியும்?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே கிளம்பினாள்.

அறக்கட்டளை அலுவலகம் தராசுத் தொழிற்கூடத்துக்கு மேலே, மாடியில் இருந்தது. கீழே இரும்பைத் தட்டுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர், அறுபது வயது அம்மாள், கண்ணாடியைக் கழுத்தில் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கப் போனாள்.

"அதெல்லாம் படிச்சாச்சு," என்றார் தலைவர். "ஒன்பதாம் பக்கத்தப் பத்திப் பேசுவோம்."

"எட்டுப் பக்கம்தாங்க மேடம்."

அவர் ஒரு பிரதியைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். தபால் அண்ணனின் கோணல் ஒன்பதைப் பார்த்த மாத்திரத்தில் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பிரதியிலிருந்து நிதானமாக வாசித்தார்.

"போன வருடம் பதினான்கு பேரைத் தேர்ந்தெடுத்ததாகவும் மூன்று பேர் வந்ததாகவும் எங்கள் ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறோம். வராத பதினோரு பேர் அந்த எட்டு வாரமும் எங்கே இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் வந்திருந்தால் எங்கள் பேருந்து அறிக்கையில் என்னென்ன மாறியிருக்கும் என்றும் தெரியாது. அவர்களுடைய நிலைமை புரிகிறது என்று எழுதினோம். என்ன புரிந்தது என்று தெரியாது. பதினோரு பேரின் தொலைபேசி எண்ணும் எங்களிடம் இருக்கிறது. ஏன் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியாது."

கீழே இரும்புச் சத்தம் நின்றிருந்தது. தம்பி சொன்னார்: "ஒளிச்சு என்ன ஆகப்போகுது, முதல் எட்டுப் பக்கத்துல எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. இதப் படிச்சுதான் எந்திரிச்சு உக்காந்தேன்."

"இருபது வருஷமா விண்ணப்பம் படிக்கிறேன்," என்றார் தலைவர். "தன்னப் பத்தி இப்படி எழுதின ஆள நான் பாத்ததில்ல. நீங்கதான எழுதினீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை வெள்ளிக்கிழமை. சொல்லிவிட்டால் பதினேழு செருப்புக் கடையிலிருந்து வந்துவிடுவாள், யாருக்கும் ஒரு நஷ்டமுமில்லை. அக்காவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அடுத்தவள் எழுதியதைத் தன்னுடையது என்று சொல்லித்தான் அவளுக்குச் சம்பளம் வாங்கித்தர வேண்டுமா என்று நினைத்தபோது அவளுக்கே தன் மேல் கோபம் வந்தது.

"நான் எழுதலங்க," என்றாள். "எங்க தேர்வுல ஒரு பொண்ணு எழுதின பதில் அது. உறையில எப்படியோ மாறிப் போயிடுச்சு. உண்மையச் சொல்லணும்னா, இந்த மாதிரி ஒரு பக்கம் இல்லாம எங்க ஆஃபீஸ்லேர்ந்து எதுவும் வெளிய போகக்கூடாது. காசு கேக்குற இடமாச்சேன்னு நான்தான் வேணும்னே விட்டேன். அந்தப் பதினோரு கடிதத்துலயும் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஒருத்தரக்கூடக் கூப்பிட்டுக் கேக்கல. ஏன்னு எனக்கும் தெரியல."

சொல்லி முடித்ததும் காரியம் கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தாள். ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

தலைவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தோளைக் குலுக்கினார்.

"எங்க பட்டறையில தராசு செஞ்சு முடிச்சதும், முதல்ல ஒண்ணும் வைக்காம முள்ளு நடுவுல நிக்குதான்னு பாப்போம்," என்றார் தலைவர். "உங்க எட்டுப் பக்கத்துல முள்ளு ஒரேயடியா உங்க பக்கம் சாஞ்சு கெடந்துச்சு. இந்தப் பொண்ணு அத நிமித்திட்டா. இப்ப நீங்களும். இவ வர்றாளா பயிற்சிக்கு?"

"சம்பளம் இருந்தா வருவா. இல்லன்னா நாளைக்குச் செருப்புக் கடைக்கு வாக்குக் குடுத்துடுவா."

"பதினாலு பேருக்கும் நாங்க தர்றோம். இன்னைக்கே எழுதித் தந்துடறேன். ஒரு நிபந்தனை. அவங்க செய்யற முதல் ஆராய்ச்சி, இந்தப் பதினோரு பேரையும் தேடிப் பிடிக்கிறது. எங்க இருந்தாங்க, என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியணும். அதுக்கும் ஒரு கடைசிப் பக்கம் இருக்கணும்."

கையெழுத்தான கடிதத்தையும் அந்தப் பிரதியையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்த அக்காவுக்குத் தெருவரைக்கும் பொறுக்கவில்லை. பாதி மாடிப்படியிலேயே நின்று போன் செய்தாள்.

"சொல்லுங்க மேடம்," என்றாள் பதினேழு. பின்னால் யாரோ ஏழாம் நம்பர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கடையில வரலன்னு சொல்லிடு. சம்பளம் வந்துடுச்சு. உன்னோட பக்கந்தான் வாங்கிக் குடுத்துச்சு, கதையெல்லாம் நேர்ல சொல்றேன். திங்கக்கிழமை வா. முதல் வேலையே, போன வருஷம் வராமப் போன அந்தப் பதினோரு பேரத் தேடிக் கண்டுபிடிக்கிறதுதான்."

 மறுமுனையில் அட்டைப்பெட்டி ஒன்றை மூடுகிற சத்தம் கேட்டது.

"பத்துப் பேரத் தேடினா போதும் மேடம்."

"ஏன்?"

"ஒருத்தி போன லீவுலயும் இதே கடையிலதான் நின்னா. உங்க கடிதம் இன்னும் என்கிட்ட இருக்கு."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தன் கையால் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு கடிதம் போயிருக்கிறது. பெயரைக்கூடப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. இந்த வருடமும் அவளே வந்து கதவைத் தட்டியிருக்கிறாள்.

"என்ன மன்னிச்சுக்கோம்மா," என்றாள்.

"விடுங்க மேடம். கையெழுத்து அழகா இருந்துச்சு," என்று சிரித்தாள் பதினேழு. "திங்கக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?"

"ஒன்பது மணிக்கு," என்றாள் அக்கா. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

போனை வைத்த பிறகு மடியிலிருந்த பிரதியைப் பிரித்து ஒன்பதாம் பக்கத்தை எடுத்தாள். 'வராத பதினோரு பேர்' என்ற இடத்தில் பேனாவால் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி போட்டாள். பக்கத்தின் அடியில் இன்னொரு நட்சத்திரம் போட்டு, 'ஒருவர் கிடைத்துவிட்டார்' என்று எழுதினாள்.