கசகசாவா, வால்நட்டா?

1

"கசகசாவா, வால்நட்டா?" என்று சமையலறையிலிருந்து கேட்டேன். கூடத்திலிருந்து என் கணவர் வில்மோஷ், "என்ன?" என்றார்.

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். வேறு தொடக்கமும் எழுதிப் பார்த்தேன்: 'ஹங்கேரியின் செகெத் நகரில், டிசா ஆற்றின் மேல் பனி இறங்கிய மாலையில்...' ஆறு இந்தக் கதையில் ஒன்றும் செய்யவில்லை. அடித்துவிட்டேன்.

2

நூடுல்ஸ் வெந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி, சர்க்கரையோடு அதன்மேல் தூவ எதை அரைப்பது என்பதுதான் கேள்வி. நான் அதைத் திரும்பச் சொல்லவில்லை. எழுபதைத் தாண்டிய பிறகு அவர் எதற்கும் முதலில் "என்ன?" என்பார், நான் மறுபடி வாய் திறப்பதற்குள் சரியான பதிலும் வந்துவிடும். அன்றும் காத்திருந்தேன். வரவில்லை. போய்ப் பார்த்தபோது நாற்காலியில் அவர்

[இந்த வாக்கியம் இவ்வளவுதான்.]

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு: என் கேள்வி அவரைப் போய்ச் சேர்ந்ததா, வெறும் சத்தம் மட்டும் போய்ச் சேர்ந்ததா? அது தெரியாமல் இந்தக் கதையை முடிப்பதில்லை என்று உட்கார்ந்தேன்.

3

அதற்கு முந்தைய வசந்தத்தில், முதுமை பற்றிய பல்கலைக்கழக ஆய்வு ஒன்றுக்கு அவர் தானாகவே போய் வந்தார். தலையில் கம்பிகள் வைத்த தொப்பி, காதில் ஒரே மாதிரி பீப் ஒலி. இடையில் எப்போதாவது வேறொரு ஒலி. அது கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்.*

"மணிக்கணக்கா ஒரே சத்தம். உன்கூட குடும்பம் நடத்தினவனுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா?" என்றார் திரும்பி வந்து.

(* வேறு ஒலி வந்ததும் மூளையில் ஒரு மின் அலை எழும். வயதானால் அது சற்றுத் தாமதமாக, சற்றுச் சிறிதாக எழும். அது நோய் இல்லை. "லேட்டா வரும், ஆனா வரும்" என்றுதான், சாப்பாட்டு மேசைக்குத் தான் வருவதைக்கூட அவர் அதன்பின் அறிவித்தார்.)

4

ஆய்வு நடத்திய ஹங்காவைத் தேடிப் போனேன். என் மகள் வயது; மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் 'நேனி' என்ற சொல்லால் என்னைக் கூப்பிடுவாள். முதல் பிரதியில் இந்த இடத்தில் அவள் என் கையைப் பிடித்து, "நிச்சயம் கேட்டிருப்பார்" என்றாள். அவள் அப்படிச் சொல்லவில்லை, கையையும் பிடிக்கவில்லை. அவருடைய மூளை அலைகளின் படத்தைத் திரையில் காட்டினாள்.

"இந்தத் தாமதம் கண் சிமிட்டற நேரம்கூட இல்ல, எமோகெ நேனி. 'என்ன?'ன்னு கேக்கறது இதுல சேராது. அது புருஷனுங்க பழக்கம்."

சிரித்துவிட்டேன். அவர் போனபின் அதுதான் முதல் சிரிப்பு. பிறகு விடாமல் கேட்டேன்: அன்று?

"'என்ன?'ன்னு சொல்லியிருக்கார்னா உங்க குரல் போய்ச் சேர்ந்திருக்கு. அது வார்த்தையா சேர்ந்துச்சான்னு எந்தத் தொப்பி வச்சாலும் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய், நேனி."

5

முடிவு ஒன்று: அவருக்குள் 'கசகசா' என்ற சொல் எழுந்தது, வாய்க்கு வர மட்டும் நேரம் இல்லை.

முடிவு இரண்டு: யாரோ தெரிந்த பெண் ஏதோ கேட்கிறாள் என்பது மட்டும் அவரைச் சென்றடைந்தது, அதோடு...

இரண்டையும் பலமுறை எழுதிவிட்டேன். முதலாவது அழகாக வருகிறது. அதனாலேயே அதை நம்பவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே விட்டு, அவருடைய பதிலுக்கு இடம் ஒதுக்குகிறேன். நான் அதை நிரப்பப் போவதில்லை. உங்களுக்குக் கேட்டால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்:

[                    ]

கையால் சுற்றி அரைக்கும் இயந்திரம், அன்று நான் திருகி இறுக்கிய அதே மேசை விளிம்பில் இன்னும் இருக்கிறது.