ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

என் கணவர் மணவாளனுக்கு இடது விலாவுக்குக் கீழே வலி வந்தபோது அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாயு என்றார்கள். நானும் நம்பி, சோடாவில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். பருத்திப்பட்டில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் சட்டையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் கேஸ் ஊசி போட்டு அனுப்பினார்கள். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று இரண்டு முறை சொன்னேன். அந்த டாக்டர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. மூன்றாம் நாள் காலை வலி இடது தோள்பட்டைக்கு ஏறி, காய்ச்சலும் சேர்ந்து, மனிதர் மூச்சை இழுக்கவே பயந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டோ பிடித்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே டாக்டர் வித்யா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஈசிஜி எடுத்தார், நரம்பில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தில் மண்ணீரலின் ஓரம் முக்கோணமாகக் கறுத்திருந்தது. ரத்தம் போகாமல் அந்தப் பகுதி செத்துவிட்டது என்றார். இதயம் தாளம் தப்பித் துடிப்பதால் உள்ளே ரத்தம் தேங்கி உறைகிறதாம். அதில் ஒரு துணுக்கு கழன்று போய் மண்ணீரலின் ரத்தக் குழாயை அடைத்திருக்கிறது. உறையாமல் இருக்கத்தானே தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறது, போடவில்லையா என்று கேட்டார்.

போடுகிறார், வேலைநாளில் சாப்பாட்டுப் பையில் நான்தான் வைக்கிறேன், ஞாயிறு கையிலேயே கொடுக்கிறேன் என்று அடித்துச் சொன்னேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம மட்டும்தான் போடுவேன்" என்றார். "லீவு நாள்ல ரத்தம் வந்தா யாரு கேக்கப் போறாங்க?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. கடைசலில் வந்த இரும்புத் துண்டுகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். விரல் கிழியாத நாளே கிடையாது. கிளவுஸ் போட்டால் எண்ணிக்கை குறையும் என்று போடவிட மாட்டார்கள். அந்த மாத்திரை போட்டால் கீறல் பட்ட ரத்தம் லேசில் நிற்காது. துண்டில் ரத்தக்கறை இருந்தால் ரிஜெக்ட். ஒருமுறை சூப்பர்வைசர் கங்காதரன் எல்லோர் முன்னாலும் இவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து திங்கள் முதல் சனி வரை நான் வைத்த மாத்திரை கம்பெனிச் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாவுக்குப் பயப்படாமல் ரிஜெக்டுக்குப் பயந்த மனிதரை வேறென்ன செய்வது?

ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். வலிக்கு மருந்தும், ரத்தம் உறையாமல் இருக்க ஊசியும் கொடுத்தார்கள். சீழ் பிடித்தாலோ மண்ணீரல் கிழிந்தாலோதான் அதை எடுக்க வேண்டிவருமாம். ஆனால் மாத்திரையை விட்டால் அடுத்த துணுக்கு மூளைக்குப் போகலாம், கை கால் விழுந்துவிடலாம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, திங்கட்கிழமை வேலைக்குப் போகலாமா என்பதுதான். அதே ராவும் மேசைக்குப் போனால் அதே கதைதான் என்று எனக்குத் தெரியாதா? கையில் வெட்டுப்படாத வேலை கொடுக்கும்படி டாக்டர் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே கம்பெனிக்குப் போனேன்.

கங்காதரன் கடிதத்தைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். ராவும் மேசையில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள், ஒருத்தருக்கும் இல்லாத பிரச்சினை உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படி என்று கேட்டார். செக்‌ஷன் மாற்ற முடியாதாம்.

"ரத்தம் பட்ட பீஸை கழுவிடலாம் சார்" என்றேன். "செத்துப்போன மண்ணீரலை இன்னா பண்றது?"

அந்த நேரம் பிளாஸ்திரி கேட்டு வந்து வாசலில் நின்றவர் பால்ராஜ், என் கணவரோடு ஒரே மேசையில் வேலை செய்கிறவர். நான்கு வருஷத்துக்கு முன் இதயத்தில் வால்வு மாற்றியவர். நாங்கள் பேசியது முழுக்க அவர் காதில் விழுந்திருக்கிறது.

"அண்ணி, ஞாயித்துக்கெழம மட்டும் போட்டுக்கோன்னு மணவாளனுக்குச் சொன்னது நான்தான்" என்றார்.

சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அதே மாத்திரை. வாங்கி இரண்டு வாரமாம், பத்தில் இரண்டு குழிதான் காலி.

"எனக்கு ஒண்ணும் ஆவலியே அண்ணி."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

"அவருக்கும் போன வாரம் வரிக்கும் ஒண்ணும் ஆவல" என்றேன். "இப்பவே போய் ரத்தம் டெஸ்ட் பண்ணு. நீ வெளிய போற வரிக்கும் நான் இந்த நாற்காலிய உட்டு எழுந்துக்க மாட்டேன்."

கங்காதரன் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட் பாஸ் புத்தகத்தை இழுத்து, பால்ராஜ் பெயரை எழுதிக் கிழித்தார். பால்ராஜ் வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"இன்னொண்ணு எழுதுங்க சார்" என்றார். "எங்க மேசை வினோத்துக்கும் இதே மாத்திரதான், அவனுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."